ஊதிக் காட்டு

காலை எட்டு மணிக்கு ஷட்டர் ஏறும். ஜலால் பாய் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். சவுரிமுத்து வண்டியை நிறுத்திவிட்டு வந்து, அவர் முகத்துக்கு நேரே குனிந்து, வாயைத் திறந்து ஊதுவான். பாய் மூச்சை இழுத்து முகர்ந்து பார்ப்பார். வாடை இல்லையென்றால் ஒன்றாம் நம்பர் பிரஸ்ஸின் சாவி. இருந்தால் வந்த வழியே வீடு. ஒன்பது வருஷமாக இதுதான் சட்டம்.

“ஒரு மனுஷன் வாயை இன்னொரு மனுஷன் மோந்து பார்க்கிறதா? நாயா நீங்க?” என்று அவர் மனைவி ஹஃபீசா கேட்டிருக்கிறாள்.

“நாயா இருந்தா தேவல. ஒரு வாட்டி கூட ஏமாறாது” என்றார் பாய்.

யாரையும் நம்பாத மனிதர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். மூன்று பேரும் ஒரே மாதிரி படித்தால், மூன்று பேரும் கூட்டு என்பார்.

முடிச்சூர் ரோட்டில் அவருடைய தகர ஷெட். உள்ளே மூன்று பவர் பிரஸ். தகட்டை உள்ளே வைத்துக் காலால் பெடலை மிதித்தால், இருபது டன் இறங்கி ஒரே அடியில் வாஷர் தெறிக்கும். கை உள்ளே இருந்தால் வாஷரோடு விரலும் தெறிக்கும். அப்படி மூன்று விரலைக் கொடுத்துவிட்டுப் போனவன் அச்சுதன். இப்போது கேளம்பாக்கத்தில் ஏதோ அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். கார் வந்தால் இடது கையால் சல்யூட் வைக்கிறான் என்று கேள்வி.

முந்தின நாள் குடித்தது தெளியாமல் அச்சுதன் மிஷினில் உட்கார்ந்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத பாதி ஒன்று உண்டு. அன்று காலை அவன் பக்கத்தில் வந்து “வந்துட்டேன் பாய்” என்றபோதே வாடை அடித்தது. சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனிக்கு மத்தியானத்துக்குள் லோடு போயாக வேண்டிய நாள். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. அதற்கப்புறம் எல்லா மிஷினுக்கும் கம்பித் தடுப்பு போட்டார், வாசலில் ஸ்டூலைப் போட்டார். அந்தக் காலையைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அது அல்லாவுக்கும் தனக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சவுரிமுத்து நல்ல வேலைக்காரன். நாற்பத்திரண்டு வயசு, கை சுத்தம், வாய் சுத்தமில்லை. வாரத்தில் இரண்டு நாள் வாசலிலேயே திரும்பிப் போகிறவன். ஆனால் வருஷத்தில் ஒரு காலம் மட்டும் ஆளே வேறு. சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வருவான். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை குடி கிடையாது, கறி கிடையாது. தவக்காலம் முழுக்க அவன் அடிக்கிற வாஷரில் ஒன்றுகூடக் கழிவு விழாது. ஈஸ்டர் ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், அவன் மனைவி ரோஸியின் அண்ணன் எலியேசர் பாட்டிலோடு வருவான். அதற்கப்புறம் இரண்டு வாரம், மூன்று வாரம் சவுரிமுத்து எங்கே கிடக்கிறான் என்று ரோஸி தேடிக்கொண்டிருப்பாள்.

போன வருஷம் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் பக்கம் ரத்த வாந்தியெடுத்துக் கிடந்தவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது பாய்தான். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. “ஈரல் பாதி போய்விட்டது. இன்னொரு தடவை இப்படிக் குடித்தால் ஆள் மிஞ்ச மாட்டார்” என்று டாக்டர் ரோஸியிடம் சொன்னபோது பாயும் பக்கத்தில் நின்றிருந்தார். அந்த வார்த்தையை அவர் சந்தேகப்படவில்லை. வாழ்க்கையில் சந்தேகப்படாத ஒன்றிரண்டு வார்த்தையில் அது ஒன்று.

இந்த வருஷம் சாம்பல் புதனுக்கு மறுநாளே ரம்ஜான் முதல் நோன்பு. விடியுமுன் சஹர் சாப்பிட்ட பிறகு தண்ணீர் கூடக் குடிக்காத வாயோடு பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சவுரிமுத்து வந்து நின்றான்.

“ஊதுடா.”

“நோன்பு வச்சிகினு மோந்தா முறிஞ்சிடாதா பாய்?”

“இமாம்கிட்ட கேட்டுட்டேன். முறியாது. ஊது.”

ஊதினான். பட்டினி கிடந்த வாயின் காய்ந்த வாடைதான் வந்தது. அவனும் அன்று ஒரு பொழுது இருந்தான்.

“உன் சாமிக்கு நாப்பது நாள் கெடு வச்சிருக்கே. நாப்பத்தோராவது நாள் என்னா பண்ணுவே?”

“அது வந்தா பாத்துக்கலாம் பாய்.”

“குடிகாரன் பேச்சு” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த முப்பது நாளும் சவுரிமுத்து உடனே வீட்டுக்குப் போகவில்லை. “அஞ்சிலேர்ந்து ஏழு வரைக்கும் என் காலு என் பேச்சைக் கேக்காது பாய். அதுபாட்டுக்குக் கடைப் பக்கம் இஸ்துகினு போவும். நான் இங்கியே குந்திகினு இருக்கேன்” என்றான். பள்ளிவாசலில் இருந்து ஹஃபீசா நோன்புக் கஞ்சி வாங்கி, தூக்கில் ஊற்றி ஷெட்டுக்கு அனுப்புவாள். ஒரு தூக்கு இரண்டு தூக்கானது. நோன்பு நேர அட்டையைச் சவுரிமுத்து மிஷின் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டான். “இன்னும் இருவது நிமிஷம் பாய்.” “இன்னும் பத்து.” “தோ, ரெண்டே ரெண்டு.” நோன்பு வைத்தவரைவிட அவனுக்குத்தான் அவசரம்.

பாங்கு கேட்டதும் பாய் பேரீச்சம்பழத்தை வாயில் போடுவார், நாலு வாய் கஞ்சி குடிப்பார், எழுந்து ஷெட்டுக்குப் பின்னால் போய்விடுவார். அங்கே பீடி. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து நாலு வருஷமாகிறது. பீடியை அன்றே விட்டுவிட்டார் என்று ஹஃபீசா நம்பிக்கொண்டிருக்கிறாள்.

பன்னிரண்டாம் நோன்பன்று பின்னால் போனவர் திரும்பிப் பார்த்தால், சவுரிமுத்து கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

“இன்னாடா?”

“ஒண்ணியும் இல்ல பாய். நாலு மணிலேர்ந்து பாத்துகினு கீறேன். உங்க கை சட்டைப்பையிலேயே கீது.”

“அதுக்கு?”

“நீங்க பாங்குக்காகக் காத்துகினு கீறீங்க. நானு ஈஸ்டருக்காகக் காத்துகினு கீறேன். வேற இன்னா வித்தியாசம்?”

பாய்க்குத் தலைக்கு ஏறிவிட்டது. “பேமானி! நானும் நீயும் ஒண்ணாடா? நான் ரோட்டுல விழுந்து கெடக்கறேனா?” என்று கத்தினார். பீடி விரலைச் சுட்டது. அடுத்த நாலு நாள் சாவியைக் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்தார். சவுரிமுத்து அதை எடுத்துக்கொண்டு போனான். கோபப்படவில்லை. அதுதான் பாய்க்கு இன்னும் பேஜாராக இருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இமாமைப் பிடித்துக்கொண்டார். “அஸரத், என்கிட்ட ஒருத்தன் வேலை பண்றான், வேதக்காரன். அவனும் நம்மளாட்டம் நோன்பு மாதிரி ஏதோ இருக்கான். நாப்பது நாள் குடிக்கிறதில்ல, அப்புறம் குடிக்கிறான். அது செல்லுமா?”

இமாம் சின்ன வயசுக்காரர். தாடியைத் தடவிக்கொண்டார். “அது செல்லுமா செல்லாதான்னு எழுதற வேலையை அல்லா நம்மகிட்ட குடுக்கல பாய். நோன்பாளி வாயோட வாடை அல்லாவுக்குக் கஸ்தூரியை விட மணம்னு கேட்டிருக்கீங்கல்ல?”

“கேட்டிருக்கேன்.”

“அந்த வாயைத் தினம் காலையில மோந்து பாக்கறவரு நீங்க. உங்களுக்கு இல்லாத குடுப்பினையா?”

இவர் கிண்டல் பண்ணுகிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று பாய்க்குப் பிடிபடவில்லை. இமாமையும் சந்தேகப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார். மறுநாள் சாவியைக் கையில் கொடுத்தார்.

பெருநாள் வந்தது. தொழுதுவிட்டு வந்து, புதுச் சட்டைப்பையில் கை விட்டுப் பீடிக் கட்டைத் தொட்டார். முப்பது நாள் முடிந்தது, இனி காலையிலும் பிடிக்கலாம், மத்தியானமும் பிடிக்கலாம். அப்போது சவுரிமுத்து கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். தவக்காலத்தில் அவன் பிரியாணி தின்னமாட்டான் என்று ஹஃபீசா தனியாகச் சேமியா கிண்டி வைத்திருந்தாள். தரையில் உட்கார்ந்து கிண்ணத்தை வழித்துத் தின்றான்.

“உங்களுக்கு முடிஞ்சி போச்சி பாய். எனக்கு இன்னும் பதினஞ்சு நாளு” என்று சிரித்தான்.

துணைக்கு நடந்து வந்தவன் பாதி வழியில் பஸ் ஏறிப் போய்விட்டால் மீதி வழி எப்படி இருக்கும் என்று பாய்க்குத் தோன்றியது. பீடிக் கட்டைப் பையிலேயே விட்டார். அன்று பிடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. தன்னையே நம்பாதவர் ஊரிடம் எப்படிச் சொல்வார்?

அந்த வாரம் ஹஃபீசாவிடம், “ஆறு நோன்பு வைக்கலாம்னு இருக்கேன்” என்றார். பெருநாளுக்கு அப்புறம் அந்த மாதத்துக்குள் இஷ்டப்பட்டவர்கள் வைக்கிற ஆறு நோன்பு. அறுபத்தெட்டு வயசில் இதுவரை ஒரு தடவைகூட அவர் வைத்ததில்லை.

“உடம்புக்கு என்னங்க?” என்று ஹஃபீசா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் மத்தியானம் ரோஸி போன் பண்ணினாள். “பாய், நாளைக்கு எங்கண்ணன் வராரு. வராதன்னு சொன்னா குடும்பச் சண்டையாயிடும். இந்த மனுஷனும் ரெண்டு நாளா சரியா தூங்கல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க பாய்.”

“நான் சொன்னா குடிகாரன் கேப்பானாம்மா? நான் இன்னா போலீஸா?” என்று போனை வைத்துவிட்டார். வைத்த பிறகு ரொம்ப நேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வாடை இப்போதே அடிக்கிற மாதிரி இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டாயிற்று.

ஈஸ்டர் ஞாயிறு பதினோரு மணிக்குப் பீர்க்கன்கரணை ஏரிக்கரைச் சந்தில் ஆட்டோவிலிருந்து இறங்கினார். கதவைத் திறந்த சவுரிமுத்து வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். உள்ளே பிரியாணி மணம். நாற்காலியில் எலியேசர், காலுக்குப் பின்னால் ஒரு துணிப்பை.

“பாய்! உள்ள வாங்க, உக்காருங்க. ரோஸி, தட்டு போடு.”

“தட்டு வாணாம். நோன்பு.”

“ரம்ஜான்தான் முடிஞ்சி போச்சே?”

“இது வேற. ஆறு நோன்பு. இன்னிக்கு நாலாவது.”

“எப்போ தொறப்பீங்க?”

“பொழுது எறங்கினதும்.”

“அதுவரிக்கும்?”

“இங்கதான் இருக்கப் போறேன்” என்று பாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வாசற்படியை அடைத்தாற்போல் போட்டு உட்கார்ந்தார்.

ரோஸி அடுப்பங்கரைக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எலியேசர்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“இன்னா மச்சான் இது? மாடிக்குப் போலாமா? காத்தோட்டமா இருக்கும்.”

“போங்க, போங்க” என்றார் பாய். “எறங்கும்போது இப்படித்தானே வரணும்? ரெண்டு பேரும் ஊதிக் காட்டிட்டுப் போங்க.”

“உன் மொதலாளி டிராபிக் போலீஸா மச்சான்?”

“ஒம்போது வருஷமா” என்றான் சவுரிமுத்து. சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. மாடிக்குப் போக எழுந்தவன் உட்கார்ந்துவிட்டான்.

சாப்பாடு போட்டார்கள். “பாய் துன்னாம நான் எப்டி துன்றது?” என்று சவுரிமுத்து தட்டைத் தள்ளினான்.

“துன்னுடா. நாப்பது நாள் கறி கண்ணால பாக்காதவன். வயித்த நெரப்பு. காலி வயிறுதான் அங்க இழுக்கும்.”

தின்றான். பாய் பார்த்துக்கொண்டிருந்தார். தன் முகத்துக்கு நேராக ஒருவன் வயிறாரத் தின்பதைப் பார்ப்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

மூன்று மணிக்கு எலியேசர் எழுந்தான். பையை எடுத்துக்கொண்டான். வாசலில் பாய் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். “பெரியவரே, பட்டினியா ஒருத்தர் குந்திகினு கீறப்போ எனக்குத் தொண்டையில எறங்காது. நல்லா ஜெயிச்சீங்க” என்றான். அதில் கோபம் பாதி, மரியாதை பாதி. பைக் சத்தம் சந்து முனை தாண்டிப் போனது.

ஐந்து மணிக்கு மேல்தான் கஷ்டம். சவுரிமுத்துவால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனான், வந்தான், மறுபடி போனான். கடைசியில் பாய் காலடியில் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

“எதுக்கு பாய் வந்தீங்க? நான் செத்தா வேற ஆளு கெடைக்கும்.”

பாய் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அச்சுதன் கை போன அன்னிக்கு, காலையில அவன் வாயில வாடை வந்துச்சிடா. எனக்குத் தெரியும். லோடு போவணும்னு பேசாம இருந்துட்டேன்.”

“தெரியும்.”

பாய் திரும்பினார். “என்னா தெரியும்?”

“நானு அடுத்த மிஷினுதானே? நீங்க மூஞ்சத் திருப்பினத பாத்தேன். அவன் வாடை எனக்கும் வந்துச்சி. நானும் வாயத் தொறக்கல.” கொஞ்சம் நிறுத்தி, “அதனாலதான் நீங்க ஊதச் சொன்னப்போ நான் ஒரு நாளும் ரோஷப்படல” என்றான்.

பாய் கையை எடுத்து அவன் தலையில் வைத்தார். எடுக்கவே இல்லை.

“மணி என்னடா?”

சவுரிமுத்து உள்ளே சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தான். “இன்னும் இருவது நிமிஷம் பாய்.” அப்புறம் கேட்காமலே சொன்னான். “இன்னும் பத்து.” குரல் மெல்லத் தெளிந்தது. “தோ, ரெண்டே ரெண்டு.”

பாங்குச் சத்தம் ஏரியைத் தாண்டி லேசாக வந்தது. ரோஸி ஒரு சொம்புத் தண்ணீரும் ஈஸ்டர் கேக் ஒரு துண்டும் கொண்டுவந்து வைத்தாள். பேரீச்சம்பழம் இல்லையே என்று வருத்தப்பட்டாள். கேக்கில் சாராயம் சேர்க்கவில்லை என்று சத்தியம் செய்தாள். பாய் அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார். தொழ இடம் கேட்டார். தொழுகைக்கு முகம் திருப்ப வேண்டிய மேற்குச் சுவரில் மாதா படம் மாட்டியிருந்தது. ரோஸி அதை எடுக்கப் போனாள்.

“இருக்கட்டும்மா. அவங்க அவங்க எடத்துல இருக்கட்டும். நான் வெளிய தொழுதுக்கறேன்” என்று முற்றத்தில் துண்டை விரித்தார். சவுரிமுத்து தெரு நாய் வராமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷட்டர் ஏறியது. பாய் ஸ்டூலில் உட்கார்ந்தார். எட்டே கால் ஆனது. சவுரிமுத்து வரவில்லை. அவர் போன பிறகு ராத்திரி எலியேசர் திரும்பி வந்திருப்பானோ? இவனே கடைக்கு நடந்திருப்பானோ? எட்டு இருபதுக்கு முடிச்சூர் ரோட்டுப் புழுதியில் அந்த வண்டி தெரிந்தது. பாய் எழுந்து நின்றவர், எழுந்தது தெரியாமலிருக்க மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

“எங்கடா போனே?”

“மீந்த பிரியாணி. ஹஃபீசாம்மாவுக்குன்னு ரோஸி குடுத்தனுப்பிச்சா. உங்க வூட்டுல குடுத்துட்டு வரேன்.”

“ஊது.”

ஊதினான். பற்பசையும் ஏலக்காயும் மணந்தன. வேறு ஒன்றும் இல்லை. பாய் இரண்டாம் தடவையும் முகர்ந்தார். சந்தேகத்தால் இல்லை. சாவியை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

“இப்போ நீங்க ஊதுங்க பாய்.”

“என்னடா திமிரா?”

“ஊதிக் காட்டுங்க.”

சவுரிமுத்து குனிந்து காத்திருந்தான். பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே ஊதினார்.

“பீடி” என்றான் சவுரிமுத்து.

“ஆமாண்டா.” பாய் தரையைப் பார்த்தார். “பதினஞ்சு நாளா தொடல. உன் கெடு முடியறவரைக்கும்னு எனக்கு நானே வச்சிருந்தேன். நேத்து வூட்டுக்குப் போனதும், சரி, முடிஞ்சி போச்சேன்னு ஒண்ணு பத்த வச்சேன். பாதிதான்.” சொல்லச் சொல்லவே அவருக்குப் புரிந்தது. நாப்பத்தோராவது நாள் என்னா பண்ணுவே என்று அவனைக் கேட்டவர் அவர்.

“சட்டம் இன்னா பாய்? வாடை வந்தா வந்த வழியே வூடு.”

பாய் நிஜமாகவே எழுந்தார். சவுரிமுத்து தோளைப் பிடித்து உட்கார வைத்தான். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை.

“குந்துங்க. அப்படி வூட்டுக்கு அனுப்பிச்சி அனுப்பிச்சிதான் நான் நேரா கடைக்குப் போனேன். நாளைக்கு ஊதிக் காட்டுங்க, போதும். நாளன்னிக்குக் கதைய நாளன்னிக்குப் பாத்துக்கலாம்.”

சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் ஒன்றாம் நம்பர் பிரஸ் அடிக்கும் சத்தம் கேட்டது. ஒரே சீராக, அவசரமில்லாமல். பாய் அதைக் கேட்டுக்கொண்டு வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை வாசலில் இரண்டு ஸ்டூல் கிடந்தது.